முப்பது நாளைக்குள் ஒரு படம்

காலை ஐந்தரைக்கு வேனில் ஏறியதும் ஜெல் டியூப் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பேன். அடுத்து சொட்டு மருந்துப் பெட்டி. அதற்கடுத்து, குழந்தையின் இமையை விரித்துப் பிடிக்கும் சின்னக் கம்பி. ஒரு குழந்தைக்குப் போட்டதை இன்னொரு குழந்தைக்குப் போடக் கூடாது என்பதால், ஒவ்வொன்றையும் கிருமி நீக்கித் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி வைத்திருப்போம். கேமராவுக்குப் பின் சீட்டில் இரண்டு பெல்ட். வேகத்தடை வந்தால் எங்கள் டிரைவர் அண்ணன், நிறைமாதக் கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு போகிறவர்போல வண்டியை இறக்கி ஏற்றுவார்.

பன்னிரண்டு வருடமாக இதுதான் என் வேலை. ஈரோடு, திருப்பூர், கோபி, தாராபுரம், உடுமலை என்று கோவையைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போய், அங்குள்ள மருத்துவமனைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைப் படம் எடுக்கிறேன். படங்கள் அங்கிருந்தே எங்கள் கண் மருத்துவமனைக்குப் போய்விடும். விழித்திரை டாக்டர் பார்த்துவிட்டு, இந்தக் குழந்தைக்கு ஒன்றுமில்லை, இதை அடுத்த வாரம் மறுபடி பார்க்க வேண்டும், இதை நாளைக்கே கொண்டுவரச் சொல் என்று பதில் அனுப்புவார். நான் டாக்டர் இல்லை. பிளஸ் டூ முடித்து, கண் மருத்துவமனையில் தங்கி இரண்டு வருடம் பயிற்சி எடுத்தவள். அம்மாக்களுக்கு நான் சிஸ்டர். சொந்த ஊர் சென்னிமலை. அப்பா போர்வை நெய்கிற தறிக்காரர்.

விழித்திரை என்றால் என்ன என்று கேட்கிற அம்மாக்களுக்கு அந்தத் தறியை வைத்துத்தான் சொல்வேன். கேமராவுக்குள் ஃபிலிம் இருந்ததுபோல, கண்ணுக்குப் பின்பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய படலம் அது. வெளிச்சம் அதில் விழுந்தால்தான் பார்வை. கருவில் 16 வாரம் வரை அதில் ரத்தக்குழாயே கிடையாது. அதன் பிறகு, பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடத்திலிருந்து நூல் நூலாகக் கிளம்பி நான்கு பக்கமும் ஓரத்தை நோக்கி வளரும். மூக்குப் பக்கத்து ஓரம் கிட்ட இருக்கிறது; அதைத் தொட ஏறக்குறைய 36 வாரம் ஆகும். காதுப் பக்கத்து ஓரம் தூரம். அங்கே போய்ச் சேரப் பத்து மாதமும், அதாவது 40 வாரமும், வேண்டும். 28 வாரத்தில் பிறந்த குழந்தையின் விழித்திரை பாதி நெய்த போர்வை. மீதியைக் குழந்தை வெளியே வந்துதான் நெய்தாக வேண்டும்.

அங்கேதான் சிக்கல். வயிற்றுக்குள் இருக்கும்போது குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு. அந்தக் குறைவுதான் ரத்தக்குழாயை வளரச் சொல்லித் தூண்டிக்கொண்டிருக்கிறது. வெளியே வந்ததும் காற்றில் ஆக்சிஜன் அதிகம். மூச்சுக்குச் சிரமப்படுகிற குழந்தைக்குக் குழாய் வைத்துக் கொடுக்கும் ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது. 'போதும்' என்று ரத்தக்குழாய் நின்றுவிடுகிறது. சில வாரம் இப்படியே போகும். ஆனால் விழித்திரை வளர்வது நிற்பதில்லை. அதற்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது. ரத்தம் எட்டாத ஓரப் பகுதி தவித்துப் போய், ரத்தக்குழாயை வளர்க்கும் ஒரு புரதத்தை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அப்போது வளரும் குழாய்கள் ஒழுங்கான குழாய்கள் அல்ல. வழி தெரியாமல் மேல்நோக்கி முளைக்கும், கசியும், தழும்பாகும், கடைசியில் விழித்திரையையே சுவரிலிருந்து பிய்த்து இழுத்துவிடும். இதற்கு 'ரெட்டினோபதி ஆஃப் பிரிமெச்சூரிட்டி' என்று பெயர். எங்களுக்குள் ஆர்.ஓ.பி.

இவ்வளவு நடந்துகொண்டிருக்கும்போதும் வெளியிலிருந்து பார்த்தால் கண் நன்றாகவே இருக்கும். சிவக்காது, பூளை தள்ளாது, நீர் வடியாது. குழந்தை அழுவதும் வழக்கமான அழுகைதான். உள்ளே வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தால் ஒழியத் தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை.

படம் எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுபோலச் சொல்கிறேன். குழந்தை 1,100 கிராம். தலை என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பால் கொடுத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். வயிறு நிறைந்திருந்தால் கக்கிப் புரையேறிவிடும். கண்ணில் மை தீட்டியிருந்தால் முதலில் அதைத் துடைப்பேன். பிறகு கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து. அது பெரியவர்களுக்குப் போடுகிற வீரியத்தில் இருக்கக் கூடாது, நீர்க்கச் செய்ததாக இருக்க வேண்டும். கன்னத்தில் வழிந்ததை உடனே பஞ்சால் ஒற்றி எடுத்துவிடுவேன். இத்தனூண்டு உடம்பில் வழிந்த துளிகூட உள்ளே போய் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். கைகால் உதறாமல் இருக்கத் துணியில் இறுகச் சுற்றுவோம். மரத்துப்போகச் சொட்டு விட்டு, இமையில் கம்பியை மாட்டி, கண் மேல் ஜெல் வைத்து, லென்ஸை அதன் மேல் மெதுவாக இறக்குவேன்.

திரையில் ஆரஞ்சு நிறம் விரியும். நடுவில் மங்கிய மஞ்சளாகச் சின்ன வட்டம். பார்வை நரம்பு நுழையும் வாசல் அது. அதிலிருந்து கிளைகிளையாகப் பிரிந்து போகும் ரத்தக்குழாய்கள். நடு, மேல், கீழ், மூக்குப் பக்கம், காதுப் பக்கம் என்று லென்ஸைச் சாய்த்துச் சாய்த்து எடுப்பேன். பக்கத்தில் வார்டு நர்ஸ் மானிட்டரைப் பார்த்து எண்ணைச் சொல்லிக்கொண்டே இருப்பார். "தொண்ணூத்தி நாலு. தொண்ணூத்தி ஒண்ணு. சிஸ்டர், எண்பத்தெட்டு." எண்பத்தெட்டு என்றால் கையை எடுத்துவிடுவேன். கண்ணை அழுத்தினால் இதயத் துடிப்பே இறங்கக்கூடிய வயது அது. சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சைச் சப்பக் கொடுத்து, மூச்சு சீரான பிறகு மறுபடியும் தொடங்குவோம்.

இந்த அழுத்தத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், படம் அசையாமல் விழ வேண்டுமே என்று லென்ஸைச் சற்று ஊன்றிப் பிடித்துவிட்டேன். படம் பளிச்சென்று வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "குழாயெல்லாம் இவ்வளவு மெலிசா இருக்காதும்மா, நீ அமுக்கிட்ட. திரும்பப் போய் எடுத்துட்டு வா" என்றார். நோய் முற்றும்போது ரத்தக்குழாய் வீங்கி நெளியும். அந்த நெளிவைப் பார்த்துத்தான் சிகிச்சை முடிவாகிறது. என் கட்டைவிரல் கொஞ்சம் அழுத்தினால், ரத்தம் வெளியேறிக் குழாய் ஒல்லியாகி, நோயே இல்லாததுபோலப் படம் வந்துவிடும். அறுபது கிலோமீட்டர் திரும்பப் போய் மறுபடி எடுத்தோம். இரண்டாவது படத்தில் குழாய்கள் நெளிந்திருந்தன. அன்றைக்குக் கற்றது இன்றைக்கும் என் விரலில் இருக்கிறது. இப்போது புதிதாக வரும் பெண்களுக்கு, ஜெல்லின் மேல் லென்ஸ் மிதக்க வேண்டும், கண்ணின் மேல் உட்காரக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

படத்தில் நாங்கள் தேடுவது ரத்தக்குழாய் நின்றுபோன இடத்தை. முதல் நிலையில் அங்கே வெள்ளையாக ஒரு கோடு தெரியும். இரண்டாம் நிலையில் கோடு தடித்து வரப்பாகிவிடும். மூன்றில், வரப்பின் மேல் பஞ்சு ஒட்டியதுபோலப் புதுக்குழாய்கள். நான்கில் விழித்திரை ஒரு பக்கம் பிரிந்திருக்கும். ஐந்தில் முழுவதும் பிரிந்துவிடும். முதல் இரண்டு நிலையில் இருக்கும் பல குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும். ஆனாலும் சரியாகும்வரை வாரா வாரம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சிகிச்சை வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் செய்துவிடப் பார்ப்போம். ரத்தம் எட்டாத ஓரப் பகுதியை லேசரால் சுட்டுவிட்டால், தவித்துக்கொண்டிருந்த அந்தப் பகுதி அடங்கி, முறையில்லாமல் வளர்ந்த குழாய்களும் வாடிவிடும். ஓரத்தைக் கொடுத்து நடுவைக் காப்பாற்றும் வைத்தியம். சில குழந்தைகளுக்குக் கண்ணுக்குள் ஊசி போடுவார்கள். ஊசி போட்ட குழந்தைக்கு நோய் மாதக்கணக்கில் கழித்துத் திரும்பி வரலாம் என்பதால் இன்னும் நெடுநாள் பார்க்க வேண்டும்.

படிப்படியாக வராத ஒரு வகையும் உண்டு. வரப்புக்கு எல்லாம் காத்திராமல் சில நாளிலேயே கண்ணைக் கெடுத்துவிடும். முன்பு அதன் பெயரில் 'பின்புறத்தில் வருவது' என்று பொருள்படும் ஒரு சொல் இருந்தது. 2021-ல் உலக நிபுணர்கள் கூடி அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். இந்தியா போன்ற நாடுகளில் எடை கூடிய குழந்தைகளுக்கும், விழித்திரையின் பின்பகுதியைத் தாண்டியும் அது வருவதைப் படங்கள் காட்டிக்கொடுத்ததும் இந்த மாற்றத்துக்குக் காரணம். அமெரிக்காவில் 1,500 கிராமும் அதற்குக் குறைவும்தான் பரிசோதனைக்கு எடை எல்லை. நம் நாட்டில் 2,000 கிராமுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்தாலே பார்க்கச் சொல்கிறார்கள்.

இந்த நோய்க்கு எண்பது வருடத்துச் சரித்திரம் உண்டு. 1942-ல் பாஸ்டனில் தியோடர் டெர்ரி என்ற கண் டாக்டர், குறைமாதக் குழந்தைகளின் கண்மணிக்குப் பின்னால் வெள்ளைப் படலம் இருப்பதை முதன்முதலில் எழுதிவைத்தார். காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. குறைமாதக் குழந்தைகளைப் பிழைக்கவைக்கக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்துவிட்ட காலம் அது. 1951-ல் மெல்போர்னில் கேட் காம்ப்பெல் என்ற பெண் டாக்டர், ஆக்சிஜன்தான் காரணமோ என்ற சந்தேகத்தைக் கிளப்பினார். சில வருடத்தில் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு அதை உறுதிப்படுத்தியது. அதற்குள் உலகம் முழுவதும் பத்தாயிரம் குழந்தைகளாவது பார்வை இழந்திருப்பார்கள் என்று கணக்கிடுகிறார்கள். 1950-ல் ஆறு வாரம் முன்னதாகப் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர்.

அப்படியானால் ஆக்சிஜனைக் குறைத்தால் தீர்ந்ததா என்று அப்பாக்கள் கேட்பார்கள். தீராது. 2010-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவை 85-லிருந்து 89 வரை வைத்திருந்த குழந்தைகளுக்குக் கடுமையான ஆர்.ஓ.பி. குறைவாக வந்தது; ஆனால் அவர்களில் இறந்த குழந்தைகள் அதிகம். உயிரா கண்ணா என்ற அந்த நடுக்கோட்டில்தான் பச்சிளங்குழந்தை வார்டின் டாக்டர்களும் நர்ஸுகளும் இரவு பகலாக நிற்கிறார்கள். எங்கள் வேன் போய் நிற்கும் ஊர்களில் எத்தனையோ வார்டுகளில், ஆக்சிஜனைக் காற்றோடு கலந்து அளந்து கொடுக்கும் கருவி ஒவ்வொரு குழந்தைக்கும் கிடைக்க வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

இனி, நான் வாழ்க்கையில் அதிகம் போராடிய விஷயத்துக்கு வருகிறேன். அது முப்பதாம் நாள்.

குறைமாதக் குழந்தையின் கண்ணைப் பிறந்த அன்றைக்கே பார்த்து லாபமில்லை, நோய் தொடங்கியிருக்காது. அதிகம் தள்ளிப்போட்டாலும் கை மீறிவிடும். அதனால் முதல் பரிசோதனையை முப்பது நாளைக்குள் முடிக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. 28 வாரத்துக்கு முன்போ 1,200 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தால் இரண்டு மூன்று வாரத்திலேயே. ஆனால் நம் வீடுகளிலும் ஒரு முப்பதாம் நாள் இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குத் தீட்டு கழிகிற நாள், பேர் வைக்கிற நாள், பச்சைக் குழந்தையை முதன்முதலில் வாசல் தாண்டவிடுகிற நாள். "மாசம் கழியட்டும்" என்பது தாயையும் சேயையும் நோய்நொடியிலிருந்து ஒதுக்கிவைக்கப் பெரியவர்கள் செய்த ஏற்பாடு. நிறைமாதக் குழந்தைக்கு அது நல்ல ஏற்பாடுதான். குறைமாதக் குழந்தைக்கு அந்த ஒரே மாதத்துக்குள்தான் நாங்கள் படம் எடுத்தாக வேண்டும்.

இன்னொரு இடைஞ்சலும் உண்டு. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இருப்பது குழந்தையின் அப்பா நம்பர். தலைப்பிரசவம் என்றால் அம்மாவும் குழந்தையும் இருப்பது தாய்வீட்டில், வேறு ஊரில். அப்பா மில் ஷிஃப்டில் போனை லாக்கரில் வைத்திருப்பார். நாங்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து நாள் ஓடிவிடும். அதனால் இப்போது நான் மூன்று நம்பர் வாங்குகிறேன்: அப்பா, அம்மாவின் அம்மா, அந்த ஊர்க் கிராம சுகாதார நர்ஸ். பல குழந்தைகளின் கண்ணைக் காப்பாற்றியது அந்த மூன்றாவது நம்பர்.

தாளவாடி மலையிலிருந்து வந்த குழந்தையும் அப்படித்தான் வந்தது. 30 வாரத்தில், 1,300 கிராமில் பிறந்த பெண் குழந்தை. 22-ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முப்பதாம் நாளுக்கு அழைத்தபோது அமுச்சிதான், அதாவது அம்மாவின் அம்மாதான், போனை எடுத்தார். "ஏனுங்க, இருட்டுக்குள்ள வெச்சுக் காப்பாத்தற பச்சப் புள்ளையப் போயி கண்ணுக்குள்ள லைட்டு அடிப்பீங்களா? மாசங் கழியட்டுமுங்க" என்று வைத்துவிட்டார். சுகாதார நர்ஸ் நேரில் போய்ப் பேசி, 34-ஆம் நாள் கிளப்பிவிட்டார். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. அதைப் பஸ்ஸில் இறங்கி, குழந்தையைச் சேலைக்குள் நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்தாள் அம்மா. கூடவே அமுச்சி.

படத்தில் மூன்றாம் நிலை. குழாய்கள் வீங்கி முறுக்கிக்கொண்டிருந்தன. மறுநாளே லேசர் என்று டாக்டர் சொன்னார். அம்மா அழுதாள். அமுச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "கண்ணு நல்லாத்தானுங்க இருக்குது. வெளக்கக் காட்டுனா மூஞ்சியத் திருப்புது பாருங்க." நான் அவரைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தேன். ஒரு பக்கம் நல்ல விழித்திரையின் படம், இன்னொரு பக்கம் பேத்தியின் படம். எதையும் விளக்கவில்லை. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு திரையில் விரலை வைத்து, "இந்த வேரு நல்லாப் போகுது. இது ஏனுங்க இப்படி முறுக்கிக்கிட்டு நிக்குது?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "மண்ணுல ஈரமில்லாட்டி வேரு இப்படித்தான் தவிச்சுக்கிட்டுப் போகும்."

பன்னிரண்டு வருடத்தில் இந்த நோயை இத்தனை சரியாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஈரம் என்ற இடத்தில் ஆக்சிஜன் என்று வைத்துக்கொண்டால் போதும். அமுச்சி எழுந்து போய் மகளிடம், "கையெழுத்துப் போடு சாமி" என்றார். அந்தக் குழந்தை இப்போது ஒன்றாம் வகுப்பு. கெட்டியான கண்ணாடி போட்டிருக்கிறது. இந்த நோய் வந்துபோன பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது சகஜம். கண்ணாடியோடு கரும்பலகை தெரிகிறது.

முன்பெல்லாம் டாக்டர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்து உள்ளே பார்ப்பார். பார்த்ததைத் தாளில் வரைந்து வைப்பார். இன்றைக்கும் அந்த முறை இருக்கிறது, வேண்டியும் இருக்கிறது. விழித்திரையின் கடைசி ஓரம் எங்கள் கேமராவுக்கு எட்டாது. ஆனால் அதில் டாக்டர் ஒருவர் மட்டுமே பார்க்கிறார். படம் என்று வந்தால் போன வாரத்தையும் இந்த வாரத்தையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடலாம், நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் பார்க்கலாம், அமுச்சியும் பார்க்கலாம். பெரியவர்களின் விழித்திரையை எடுக்கும் சாதாரணக் கேமரா 45 டிகிரி அளவுக்குத்தான் பார்க்கும். 1990-களின் கடைசியில் வந்த 'ரெட்கேம்' ஒரே படத்தில் 130 டிகிரி காட்டியது. அது விலை மிகுந்த இறக்குமதி. பின்னர் பெங்களூரின் ஃபோரஸ் ஹெல்த் நிறுவனம் '3நேத்ரா நியோ' என்று 120 டிகிரி கேமராவை இங்கேயே செய்தது.

டாக்டர் அல்லாதவர் படம் எடுக்கலாமா என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. 2008-ல் பெங்களூர் நாராயண நேத்ராலயாவில் டாக்டர் ஆனந்த் வினேகர் 'கிட்ராப்' என்ற திட்டத்தைத் தொடங்கி, பயிற்சி பெற்ற டெக்னீஷியன்களைக் கேமராவோடு கர்நாடகத்தின் சின்ன ஊர்களுக்கு அனுப்பினார். சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று அங்கேயே தரம் பிரிக்கவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். கோவை அரவிந்த் கண் மருத்துவமனையின் 'ரோப்-எஸ்.ஓ.எஸ்.' திட்டமும் இப்படித்தான் வேனில் ஊர் ஊராகப் போகிறது. 2014-ல் வெளிவந்த 'இ-ராப்' என்ற வட அமெரிக்க ஆய்வில், 1,257 குழந்தைகளின் படங்களை டாக்டர் அல்லாத, பயிற்சி பெற்ற ஆட்களே படித்துப் பார்த்து, டாக்டரிடம் அனுப்பியாக வேண்டிய குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள். அந்த ஆய்வைப் பற்றி எங்கள் டாக்டர் வகுப்பில் சொன்ன அன்று எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

இப்போது கம்ப்யூட்டரும் பார்க்கிறது. வீங்கி நெளிந்த குழாய் எது, நெளியாதது எது என்பதில் நிபுணர்களே ஒருவருக்கொருவர் மாறுபடுவார்கள். 2018-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் 5,511 படங்களைக் கொடுத்துக் கம்ப்யூட்டருக்கு இதைப் பழக்கினார்கள். பிறகு அது பார்த்திராத நூறு படங்களைக் கொடுத்தபோது 91 படங்களைச் சரியாகச் சொன்னது; எட்டு நிபுணர்களில் ஆறு பேரை அது மிஞ்சியிருந்தது. தென்னிந்தியக் குழந்தைகளின் படங்களை வைத்தும் அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நான் அதை வரவேற்கிறேன். விழித்திரை டாக்டர்கள் சிலரே இருக்கும் நாட்டில் அவர்களின் நேரம் சிகிச்சைக்கே முழுதாகப் போகட்டும். ஆனால் படம் எடுக்காத குழந்தையைப் பற்றி எந்தக் கம்ப்யூட்டரும் ஒன்றும் சொல்ல முடியாது. தடை இருப்பது படத்தைப் படிப்பதில் இல்லை. குழந்தை கேமராவுக்கு முன்னால் வந்து சேர்வதில்தான்.

கேமரா காட்டுவது ஆர்.ஓ.பி.யை மட்டுமல்ல. 2016-ல் ஸ்டான்ஃபோர்டில் நிறைமாதக் குழந்தைகள் 202 பேரைப் படம் எடுத்தபோது ஐந்தில் ஒரு குழந்தைக்குக் கண்ணுக்குள் ரத்தக்கசிவு இருந்தது. பெரும்பாலும் சுகப்பிரசவத்தில் பிறந்தவர்கள். அது அநேகமாகத் தானே கரைந்துவிடும். விழித்திரையில் வரும் புற்றுநோயும் இந்தப் படத்தில் தெரியும். செல்போனில் ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்தில் குழந்தையின் கண்மணி பூனைக்கண்போல வெள்ளையாகப் பளபளத்தால், அன்றைக்கே கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

நான் மறக்க முடியாத இன்னொரு குழந்தை இருக்கிறது. ஐந்து மாதத்தில் கொண்டுவந்தார்கள். "கண்ணுக்குள்ள பூ விழுந்த மாதிரி இருக்குதுங்க சிஸ்டர்" என்றாள் அம்மா. லென்ஸை வைத்தேன். ஆரஞ்சு நிறம் வரவில்லை. திரை முழுக்கச் சாம்பல் பூத்த வெள்ளை. ஐந்தாம் நிலை. அறுவை சிகிச்சை உண்டு. ஆனால் அந்த நிலையில் அதிலிருந்து கிடைக்கும் பார்வை பெரும்பாலும் சொற்பம். அம்மா ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து நீட்டினாள். பிறந்த எடை, கொடுத்த மருந்து, மஞ்சள் காமாலைக்கு வைத்த வெளிச்சம், தடுப்பூசித் தேதிகள் எல்லாம் எழுதியிருந்தன. கண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை. "எல்லா ஊசியும் போட்டுட்டமுங்க. ஒரு நாள் தவறலைங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் சொன்னது உண்மை. அவளிடம் சொல்லப்பட்ட ஒன்றைக்கூட அவள் தவறவிடவில்லை.

இது அவள் ஒருத்தியின் கதை இல்லை. 1996-ல் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு இந்தப் பரிசோதனையைச் செய்யவும் இல்லை, செய்துகொள்ளச் சொல்லி அனுப்பவும் இல்லை. பார்வை போய்விட்டது. பெற்றோர் வழக்காடினார்கள். 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பத்தொன்பது வருடம் அந்தத் தகப்பனார் நடந்த நடைக்குப் பிறகு, சொல்லாமல் விட்டதும் குற்றம்தான் என்பது நாட்டின் சட்டமாக நிற்கிறது. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்திலும் ஆர்.ஓ.பி. சேர்க்கப்பட்டிருக்கிறது. விதியும் இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது. சீட்டில் அந்த ஒரு வரி மட்டும் எல்லா இடத்திலும் இன்னும் வந்து சேரவில்லை.

ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டிலோ, தெருவிலோ, உறவிலோ குறைமாதத்தில் பிறந்த குழந்தை இருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் பாருங்கள். பிறந்த எடை 2,000 கிராமுக்குக் கீழே என்றோ, 34 வாரத்துக்கு முன் பிறந்தது என்றோ இருந்தால், விழித்திரைப் பரிசோதனை எந்தத் தேதியில் என்று அந்த ஆஸ்பத்திரியில் கேளுங்கள். அதற்கு மேல் எடை இருந்தும் நெடுநாள் ஆக்சிஜனில் இருந்த குழந்தை என்றாலும் கேளுங்கள். முதல் படம் நன்றாக இருந்தது என்று நின்றுவிடாமல், இனி வர வேண்டாம் என்று டாக்டர் சொல்லும்வரை கொண்டுபோங்கள். தீட்டு கழியவில்லை என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்கினால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். திரையில் படத்தை நானே காட்டுகிறேன்.